ராசாங்கத்தின் குரலுக்கு விழுந்த அடிகள்

ராசாங்கத்தின் கன்னத்தில் விழுந்த முதல் அறை, டீ கேட்டதற்காக விழுந்தது.

தா.பழூருக்குப் பக்கத்தில், நடவு முடிந்த வயல்களுக்கு நடுவில், ராசாங்கம் அதுவரை போகாத ஒரு சின்ன ஊர். ராசாங்கம் பழைய இரும்புக்குச் சின்ன வெங்காயம் கொடுக்கிற வியாபாரி. அரியலூரிலிருந்து டிவிஎஸ் வண்டியில் ஒரு பக்கம் வெங்காய மூட்டை, மறு பக்கம் இரும்புச் சாக்கு, முன்னால் கூம்பு ஸ்பீக்கர் என்று ஊர் ஊராகப் போவார். அன்றைக்கு ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை. அதனால் சத்தமில்லாமல் ஊருக்குள் வந்து, டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "க்க்கூம்" என்று தொண்டையைச் செருமி, "மாஸ்டர், ஒரு டீ. சர்க்கரை கம்மி" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்த ரத்தினம்மாள் என்கிற விவசாயி நிமிர்ந்தார். பன்னின் நனைந்த பாதி கிளாசுக்குள் விழுந்தது. அதைக்கூட எடுக்காமல் எழுந்து வந்தார்.

"இப்ப என்னமோ சொன்னியே, இன்னொரு வாட்டி சொல்லு."

"டீ கேட்டேங்க."

"அந்த இருமலோட சொல்லு."

ராசாங்கம் பொதுவாக யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லாதவர். "க்க்கூம். ஒரு டீ. சர்க்கரை கம்மி" என்று சொன்னார். 'கம்மி' முடிவதற்குள் அறை விழுந்துவிட்டது.

டீக்கடைகள் தோன்றிய நாளிலிருந்து அங்கே எத்தனையோ காரணங்களுக்காக அடிதடி நடந்திருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதற்காக நடப்பது இதுதான் முதல் தடவை என்று ராசாங்கம் எண்ணிக்கொண்டார். அவர் எண்ணம் தவறு என்பது அடுத்த கணம் தெரிந்தது.

"இந்தக் கொரலுதாண்டா! எம் மோட்டாரத் தூக்கிட்டுப் போன கொரலு இதுதாண்டா! ஓடியாங்கடா!"

ஓடிவந்தார்கள். போன வாரம் அந்த ஊருக்கு ஒரு வேன் வந்திருந்தது. 'பழைய இரும்பு' என்று குரல் கொடுத்துக்கொண்டே போனது. அது போன பின்பு பார்த்தால் ரத்தினம்மாளின் போர் மோட்டாரைக் காணோம், நாலு வீட்டுப் பித்தளை அண்டாவைக் காணோம், கோயில் மணியின் நாக்கைக்கூடக் காணோம். வேனை ஓட்டியவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. குரலை மட்டும் ஊரே கேட்டிருந்தது. அந்தக் குரல் இப்போது சொந்தக் காலில் நடந்து வந்து டீ கேட்கிறது. ஊர்க்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ராசாங்கத்தின் வண்டியில் இரும்பு கட்டுகிற கயிறு இருந்தது. கட்டுவதற்கு அது உதவியது. தராசுப் படிக்கற்கள் இருந்தன. எறிவதற்கு அவை உதவின. ஓர் இளைஞன் சைக்கிள் பம்பை எடுத்து முதுகில் போட்டான். இன்னொருவன், அடிக்க இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வெங்காய மூட்டையை உதைத்தான். மாஸ்டர் மட்டும் தொழில் தர்மம் தவறாதவர். போட்ட டீயைக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தவரின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார். அதில் ராசாங்கத்தின் முன்பல் ஒன்று விழுந்தது. டீயில் சர்க்கரை கம்மியாகத்தான் இருந்தது.

"நான் இல்லைங்க! கொரலுதாங்க என்னுது! ஆளு நான் இல்லைங்க!"

இப்படி ஒரு வாக்குமூலத்தை அந்த ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. ஆகவே இன்னும் இரண்டு அடி கூடுதலாக விழுந்தது.

*

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. சிவசுப்பிரமணியன் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். விசாரணை செய்யும்போது அடிக்க மாட்டார். அடி வாங்கி முடித்தவர்களை மட்டும்தான் விசாரிப்பார். வீங்கிய வாயோடு ராசாங்கம் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டார்.

கதை இது. ராசாங்கத்துக்கு இயற்கையிலேயே எடுப்பான குரல். ஒரு தெருமுனையில் கூப்பிட்டால் மறு தெருவில் குழம்பு தாளித்துக்கொண்டிருப்பவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். நாள் முழுக்கக் கத்தித் தொண்டை புண்ணாகவே, அரியலூர் கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கும் அன்பழகனிடம் போய்ப் பதிவு செய்துகொண்டார். "பழைய இரும்பு, பித்தளை, ஈயம், ஓடாத மோட்டாரு, ஒடஞ்ச சைக்கிளு, மாமியா குடுத்த நசுங்குன அண்டா... க்க்கூம்... எடுத்துட்டு வாங்கம்மா, சின்ன வெங்காயம் அள்ளிட்டுப் போங்கம்மா!"

அந்தச் செருமலை வெட்டிவிடலாமா என்று அன்பழகன் கேட்டான். "இருக்கட்டும், அப்பத்தான் ஆளு நெசம்னு நம்புவாங்க" என்றார் ராசாங்கம். பின்னால் அந்தச் செருமல் வாங்கித் தந்த உதையை நினைத்துப் பார்த்தால், இவ்வளவு விலையுயர்ந்த செருமல் இந்த மாவட்டத்தில் வேறு எந்தத் தொண்டையிலிருந்தும் வந்ததில்லை.

அன்பழகனுக்கு உரிமை விஷயத்தில் பயம் அதிகம். ஒரு காலத்தில் சினிமாப் பாட்டை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்து, கம்பெனி ஆட்கள் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, பல்லி கத்தினாலும் அதற்கு உரிமை யாருடையது என்று கேட்கிற ஆளாகிவிட்டான். பதிவுக்கு முன்னால் ஒரு நாதஸ்வரத் துண்டு சேர்த்தான். "இது அறுவது வருசத்துக்கு மேல ஆன ரெக்கார்டுண்ணே. ஊதுனவரும் இல்ல, உரிமையும் இல்ல. ஊருக்குப் பொது" என்றான். ஒலியை வெட்டி ஒட்டுகிற சாஃப்ட்வேரைக் காட்டினான். "இதுவும் எவனோ ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் எழுதி, எனக்கு ஒரு உரிமையும் வேண்டாம், யாரு வேணாலும் எடுத்துக்கங்கன்னு வுட்டதுதாண்ணே."

"காசே கேக்கலியா?"

"பேரக்கூட போடலண்ணே."

முகம் தெரியாத அந்த மனுசன்மேல் ராசாங்கத்துக்குச் சட்டென்று ஒரு பொறாமை வந்தது. அன்பழகன் கேட்டான்: "அப்ப உங்க கொரலுக்கு உரிமை யாருக்குண்ணே?"

ராசாங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கெதுக்குடா உரிமை? ஊருக்கே வுட்டுட்டேன். யாரு வேணாலும் போட்டுக்கங்க!"

ரெக்கார்டிங்கை நிறுத்த அன்பழகன் மறந்திருந்தான். ஆகவே இந்தத் தானசாசனமும் பதிவின் வாலில் ஒட்டிக்கொண்டது. வால் நன்றாக இருந்ததால் யாரும் நறுக்கவில்லை. ஒரு மெமரி கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், உடையார்பாளையம் தாண்டி, இரும்பு வியாபாரி, பிளாஸ்டிக் குடக்காரர், தலைமுடி வாங்குகிறவர் என்று, சரக்கு எதுவானாலும் எல்லாருடைய வண்டியிலும் ராசாங்கம் கத்தினார். ஒவ்வொரு தெருவிலும் கடைசியாக, "ஊருக்கே வுட்டுட்டேன், யாரு வேணாலும் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெங்காயத்தைத்தான் சொல்கிறார் என்று பலர் நினைத்தார்கள்.

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார்.

"யோவ், யாருக்கும் சொந்தமில்லன்னு எதையாச்சும் வுட்டா என்னாய்யா ஆவும்? ஏரிப் பொறம்போக்கப் பாத்ததில்ல நீ? மொதல்ல எவன் வேலி போடுறானோ அவன் எடம். ஒங்கொரல்ல திருடன் வேலி போட்டுட்டான்."

"அதுக்கு நான் என்னாங்க செய்யிறது?"

"கொரலு என்னுது, என்னைக் கேக்காம எல்லாவனும் திருடிட்டானுவன்னு ஒரு கம்ப்ளைன்ட் குடு. போடுறவனையெல்லாம் தூக்கிட்டு வந்துர்றேன். அதுல திருடனும் இருப்பான். ஒம்பேரும் சுத்தமாயிரும். இல்லாட்டி, போற ஊர்லல்லாம் வாயத் தொறக்காத. தொறந்தா ஒதைப்பானுவ."

ராசாங்கத்துக்கு வாய்தான் சோறு. வாயை மூடினால் பட்டினி, திறந்தால் உதை. புகார் கொடுத்தால், தானே 'போட்டுக்கங்க' என்று சொன்ன ஏழை பாழைகள் அத்தனை பேரும் லாக்கப்பில். வீட்டுக்குப் போய் மனைவி வெற்றிச்செல்வியிடம் கேட்டார். அவர் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஏங்க, குடுத்துத் தொலைங்க. இன்னமும் முப்பத்தொரு பல்லு பாக்கி இருக்குன்னு தானம் பண்ணப் போறீங்களா?"

"வுட்டதைத் திருப்பி எடுக்குறதா? அந்த வெளிநாட்டுக்காரன் என்னைப் பத்தி என்னா நெனப்பான்?"

"எந்த வெளிநாட்டுக்காரங்க?"

"யாருன்னு தெரியலியே. அதான் வருத்தமா இருக்கு."

வெற்றிச்செல்வி தவிட்டு மூட்டையைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

*

புகார் கொடுப்பதில்லை என்று ராசாங்கம் முடிவெடுத்தது சனிக்கிழமை காலை. கொடுக்கப்போகிறார் என்ற செய்தி வியாபாரிகளுக்கு எட்டியது வெள்ளிக்கிழமை சாயங்காலம். இந்த இடைவெளியில்தான் அவருடைய இரண்டாவது உதை உருவானது.

சனிக்கிழமை கல்லங்குறிச்சியில் பெருமாள் சேவிக்கக் கூட்டம் வரும். கூட்டத்தை நம்பித் தள்ளுவண்டிகளும் வரும். நல்ல முடிவை எடுத்த மனுசன் பெருமாளிடம் சொல்லிவிட்டு வரலாமென்று போனார். வாகனம் நிறுத்துகிற மைதானத்தில் செல்லக்கண்ணு மறித்தார். பிளாஸ்டிக் குடம் விற்கிறவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, காற்றுதான் வரும், சத்தம் வராது. நாலு வருடமாக அவருடைய குடங்களை விற்பது ராசாங்கத்தின் குரல்தான்.

செல்லக்கண்ணு காற்றாகவே கேட்டார்: "குடுத்ததத் திருப்பிக் கேக்குறியாமே?"

"இல்லண்ணே, நான்..."

"ஏழை வாயப் புடுங்குறியாமே?"

"அண்ணே, கேளுங்கண்ணே, கம்ப்ளைன்ட்டே..."

வேறு யாராவதாக இருந்தால் விஷயத்தை விளக்கிவிட்டிருக்கலாம். ஆனால் சத்தம் வராத மனிதர்களுக்குப் பதில் கேட்கும் வழக்கம் குறைவு. கை நீளுகிற வழக்கம் அதிகம். முதல் குடம் தலையில் உடைந்தது. பிளாஸ்டிக் குடம் வலிக்காது என்பது பரவலான ஒரு மூடநம்பிக்கை. பஞ்சுமிட்டாய்க்காரர், ரப்பர் வளையல்காரர், முறுக்குக்காரர் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வளையல்காரர் வளையல் மாட்டுகிற மரத்தண்டை உருவினார். முறுக்குக்காரர் எண்ணெய்க் கரண்டியைத் தோளில் இறக்கினார். எண்ணெய் ஆறியிருந்தது பெருமாள் கருணை. இத்தனைக்கும் நடுவில், அடிக்கிறவர்களின் நாலு வண்டியிலும் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. "ஊருக்கே வுட்டுட்டேன், யாரு வேணாலும் போட்டுக்கங்க" என்று ராசாங்கம் நாலு திசையிலிருந்தும் அழைப்பு விடுத்தார். அவர்களும் போட்டார்கள்.

*

இடது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்க, ராசாங்கம் யோசித்தார். குரலைத் திருப்பி எடுக்க முடியாது. அதைத் திருடன் போடாமல் தடுக்கவும் முடியாது. ஆனால் இன்னொரு குரலை விடலாம். அன்பழகன் கடைக்குப் போனார். புதுப் பதிவு இப்படி இருந்தது:

"க்க்கூம். அம்மா, அய்யா, இந்தக் கொரல நம்பாதீங்க. இந்தக் கொரலோட திருடன் வர்றான். கொல்லைப் பக்கம் கண்ணு வச்சிக்கங்க. மோட்டாரப் பூட்டி வைங்க."

இதற்கு உரிமை யாருக்கு என்று அன்பழகன் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான். ராசாங்கமும் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டார்.

எச்சரிக்கை இரண்டே வாரத்தில் மாவட்டம் முழுக்கப் பரவியது. அதை முதலில் ஏற்றிக்கொண்டவர்கள் திருடர்கள். தொழிலில் அக்கறையுள்ளவர்கள் எப்போதும் புது வெளியீட்டைத்தான் பயன்படுத்துவார்கள். வேனில் எச்சரிக்கையை அலறவிட்டுக்கொண்டு தெருவுக்குள் வருவார்கள். ஊரே வாசலுக்கு ஓடிவந்து, திருடன் எந்தப் பக்கம் வருகிறான் என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் இருவர் போவார்கள்.

இது ராசாங்கத்துக்குத் தெரியாது. எறையூர்ப் பக்கம் ஒரு மக்காச்சோளக் கிராமத்துக்கு, ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிக்கொண்டு, எச்சரிக்கையைப் போட்டபடி தர்ம சிந்தனையோடு போனார். முந்தாநாள்தான் அந்த ஊரில் எச்சரிக்கை வந்து போயிருந்தது. ராஜவேல் என்கிற விவசாயிக்கு இரண்டு மோட்டாரும் மருந்தடிக்கிற எந்திரமும் போயிருந்தன.

முதல் கல் ஸ்பீக்கரில் விழுந்தது. இரண்டாவது கல்லுக்கு ராசாங்கம் காத்திருக்கவில்லை. அனுபவம் மனிதனைப் பக்குவப்படுத்தும். வண்டியைப் போட்டுவிட்டு மக்காச்சோளக் காட்டுக்குள் ஓடினார். பின்னால் ஊர் ஓடியது. தோகை முகத்தைக் கீறியது. கட்டுப் போட்ட கை கட்டறுந்து ஆடியது. காட்டின் நடுவில் ராஜவேல் எட்டி விட்ட உதையில் குப்புற விழுந்தார். விழுந்தவர் மேல் சோளத்தட்டை, மண்வெட்டிக் காம்பு, செருப்பு, மோட்டாரில்லாத ஹோஸ் பைப்பு எல்லாம் விழுந்தன. யாரோ விலாவில் மிதித்தார்கள். யாரோ தலைமுடியைப் பிடித்து மண்ணில் தேய்த்தார்கள். வாய்க்குள் மண்ணும் ரத்தமும் சேர்ந்து குழைந்தன. செத்துவிடுவோம் என்று ராசாங்கத்துக்கு அப்போதுதான் உண்மையாகவே தோன்றியது.

அவர் கத்தினார். அந்தக் கத்தலில் வியாபாரம் இல்லை, எச்சரிக்கை இல்லை. "அய்யோ சாவுறேனே! அடிக்காதீங்கடா! அடிக்காதீங்கடா டேய்ய்ய்!" அடிக்க இடம் கிடைக்காத ஒருவன் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். கத்தல் முழுக்க அதில் பதிவானது. காட்டின் மறுகோடியில் படுத்திருந்த பன்றிக் கூட்டம் குட்டிகளோடு எழுந்து, வரப்புத் தாண்டி, கரும்புக்குள் பாய்ந்து ஓடியது.

அப்போதுதான் ரோட்டிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"க்க்கூம். அம்மா, அய்யா, இந்தக் கொரல நம்பாதீங்க. இந்தக் கொரலோட திருடன் வர்றான்..."

மண்வெட்டிக் காம்பு மேலே போன இடத்திலேயே நின்றது. ராஜவேல் கீழே பார்த்தார். காலுக்கடியில் கிடந்தவர் வாயில் மண். ரோட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே அதே வாய், நிதானமாக, கொல்லைப் பக்கம் கண்ணு வச்சிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏப்பா, நீ இங்கதான கெடக்குற?"

"ஆமாங்க" என்றார் ராசாங்கம்.

"அப்ப அங்க பேசுறது?"

"அதுவும் நாந்தாங்க. ஆனா நான் இல்லைங்க."

டீக்கடையில் யாருக்கும் புரியாத இந்தத் தத்துவம், அரை உயிரில் சொன்னபோது எல்லாருக்கும் புரிந்தது. ஊர் திரும்பி ஓடியது. ராசாங்கத்தை அடித்ததெல்லாம் ஒத்திகைதான் என்று சொல்லும்படி வேனில் இருந்தவர்களை அடித்தார்கள். வேனைக் கவிழ்த்தார்கள், உள்ளேயிருந்து மோட்டார்கள் உருண்டன. இன்னும் விற்காமல் வைத்திருந்த ரத்தினம்மாளின் மோட்டார், அண்டாக்கள், கோயில் மணியின் நாக்கு எல்லாம் வெளியே வந்தன. வேனை ஓட்டியவன் உடைந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு, சட்டம் பேசினான்: "அண்ணே, யாரு வேணாலும் போட்டுக்கங்கன்னு அதுலயே சொல்லியிருக்குண்ணே!"

"அதத்தான் நாங்களும் போடுறோம்" என்று ராஜவேல் போட்டார்.

*

ராசாங்கம் அரசு ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, அவர் குரல் மேலிருந்த திருட்டுப் பழி நீங்கியிருந்தது. ஆட்டோ ஆட்டோவாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். செல்லக்கண்ணு ஒரு குடம் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துவிட்டு, காற்றில் எதையோ சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ராஜவேல் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கக் கூடாது. நீங்க கத்துனீங்களே அன்னைக்கு? அதை நம்ம பய வீடியோ எடுத்திருந்தான். சும்மாதான் ஸ்பீக்கர்ல ஏத்திக் காட்டுல வச்சேன். ஒரு பன்னி வரலிங்க. மயிலுகூட வரல. பக்கத்துக் காட்டுக்காரனும் கேக்குறான்."

வெற்றிச்செல்வி முந்திக்கொண்டார். "ஏங்க, இதையாச்சும் உங்களுதுன்னு சொல்லுங்க. இது உங்க ஒடம்புலேர்ந்து பிச்சு எடுத்ததுங்க."

ராசாங்கம் விட்டத்தைப் பார்த்தார். முகம் தெரியாத அந்த மனுசன் அங்கே தெரிந்தானோ என்னவோ. பிறகு, "க்க்கூம்" என்றார். வெற்றிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டார்.

அறுவடைக்கு முன்னால், கட்டுப் பிரித்த கையோடு, ராசாங்கம் தா.பழூர்ப் பக்கத்து அந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். வழியெல்லாம் சோளக் காடுகளிலும் கடலைக் கொல்லைகளிலும் ஸ்பீக்கர்களில் அவர் செத்துக்கொண்டே இருந்தார். பேட்டரி தீர்ந்த இடங்களில் இழுத்து இழுத்துச் செத்தார். செருமிக்கொண்டு டீ கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. ரத்தினம்மாள் மட்டும் பன்னை வைத்துவிட்டு வந்தார். ராசாங்கத்தின் கன்னம் தானாகவே திரும்பிக்கொண்டது.

"அட, அடிக்க வரலப்பா. எங்கொல்லையிலயும் பன்னி எறங்குது. அந்தக் கத்துனத எனக்கும் ஏத்திக் குடேன்."

ஏற்றிக் கொடுத்தார். ரத்தினம்மாள் ஸ்பீக்கரைக் காதில் வைத்து முழுக்கக் கேட்டார்.

"இது நான் அடிச்சப்பக் கத்துனதா?"

"இல்லம்மா, இது எறையூர்க்காரங்க அடிச்சது. நீங்க அடிச்சப்பக் கத்த நேரமே இல்ல."

ரத்தினம்மாள் முகம் கொஞ்சம் வாடிப்போனது. "நல்லாத்தான் அடிச்சிருக்கானுவ" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அந்தத் தம்பிக்கு டீயில சர்க்கரை நெறையாப் போடு."

ராசாங்கம் வாயைத் திறந்தார். பிறகு எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டு, இனிக்க இனிக்கக் குடித்தார்.